விபத்து இழப்பீடு: வலிக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டா?

சாலை விபத்தில் ஒருவர் படுகாயமடைந்தால் அவர் பட்ட வலிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதே குடும்பத்தார் முதலில் கேட்கும் கேள்வி. மலேசியச் சட்டத்தில் வலி, வேதனைக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. அதற்காகக் கேட்ட தொகை கிடைத்துவிடாது.

நீதிபதிகள் முந்தைய தீர்ப்புகளைப் பின்பற்றுகிறார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் வழக்கமாக வழங்கப்படும் தொகையை வழக்கறிஞர் மன்றம் தொகுத்து, 2018இல் திருத்தி வெளியிட்டது. அது வழிகாட்டி மட்டுமே. ஒரே வலியை உண்டாக்கும் பல காயங்கள் இருந்தால் தொகைகளை அப்படியே கூட்டாமல் குறைப்பார்கள். காயமடைந்தவர் மீதும் தவறு இருந்தால் அதற்கேற்பக் கழிக்கப்படும்.

வரம்பு உள்ளவை

சட்டம் கணக்கை வரையறுப்பது எதிர்கால வருமான இழப்புக்குத்தான். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி, 30 வயது வரை உள்ளவருக்கு 16 ஆண்டுகள் கணக்கிடப்படும். 31 முதல் 59 வயது வரை, 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு 10 ஆண்டுகள். வாழ்க்கைச் செலவு போக மாதம் 1,500 ரிங்கிட் இழந்தால், 1,80,000 ரிங்கிட். 60 வயதானவர் இந்த இழப்பைக் கோர முடியாது. வலிக்கான இழப்பீட்டைக் கோரலாம்.

மரணம் நேர்ந்தால், உறவை இழந்த துயரத்துக்கான தொகை 30,000 ரிங்கிட். 2019 செப்டம்பருக்கு முன் அது 10,000 ரிங்கிட்டாக இருந்தது.

வேலையில் அடிபட்டால்

தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலையின்போது காயமடைந்த சொக்சோ சந்தாதாரர், வலிக்கு இழப்பீடு கேட்டு முதலாளி மீது வழக்குத் தொடுக்க 1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டம் இடம் தராது. அவருக்குச் சொக்சோ அனுகூலங்களே வழி. வேலைக்குப் போகும் வழியில் வெளியார் வாகனம் மோதினால் அந்த ஓட்டுநர் மீது வழக்குத் தொடுக்கலாம்.

காலக்கெடு

தீபகற்ப மலேசியாவில் காயத்துக்கான வழக்கை 6 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தோருக்கும், அரசுத் துறை மீதான வழக்குக்கும் 3 ஆண்டுகளே. சாலை விபத்து குறித்து 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். சிகிச்சை முடியும் வரை வலியை மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்வது அவசியம். மருத்துவ அறிக்கையில் இல்லாத வலியை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம்.