பெயர் வெட்டிய பில்டர்: கொங்கு வீடுகளில் காப்பியின் வரலாற்றுக்கு ஒரு புழங்குபொருள் சான்று

திறவுச்சொற்கள்: காப்பி, கொங்கு நாடு, புழங்குபொருள், சீர்வரிசை, பெயர்ப்பொறிப்பு, பெண் சொத்து

முன்னுரை

தமிழகத்தில் காப்பி பரவிய வரலாறு பெரிதும் அச்சுச் சான்றுகளைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) இத்துறையில் வழிகாட்டும் நூல். ஆயினும் அச்சுச் சான்றுக்கு ஓர் இயல்பு உண்டு: மிகுதியாக எழுதியவர்களின் வீடே அதில் மிகுதியாகத் தெரியும். கொங்கு நாட்டு உழவர் குடும்பங்கள் தன்வரலாறுகளையோ நாட்குறிப்புகளையோ பெருமளவில் விட்டுச்செல்லவில்லை. நிக்கல்சன் 1887இல் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு போன்ற நிருவாக ஆவணங்களின் அக்கறை பயிர், கிணறு, வரி ஆகியவற்றைச் சார்ந்தது. அடுக்களைக்குள் அது நுழைவதில்லை. இந்நிலையில் உழவர் வீட்டில் காப்பி எப்போது, யார் வழியாக நுழைந்தது என்னும் வினாவிற்கு வீட்டிற்குள்ளேயே ஒரு சான்று உள்ளது. அது வழக்கில் 'பில்டர்' எனப்படும் பித்தளைக் காப்பி வடிகட்டியும் அதன்மேல் வெட்டப்பட்ட பெயரும் ஆகும். இச்சான்றின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சரக்காக வந்த காப்பி

கோயம்புத்தூர் காப்பியை முதலில் அறிந்தது பானமாக அன்று, சரக்காகவே. 1868 வரை நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. மலைத் தோட்டங்களின் காப்பிக்கொட்டையை உலர்த்தி, தோல்நீக்கி, தரம்பிரிக்கும் தொழிலை ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861இல் கோவையில் தொடங்கினார். மறு ஆண்டிலேயே, 1862இல், சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை இருப்புப்பாதை நிறைவுற்றது. கொட்டை மலையிலிருந்து இறங்கி நகரில் பதப்பட்டுத் துறைமுகத்திற்குச் சென்றது. சுற்றியிருந்த கம்பும் சோளமும் விளையும் ஊர்களில் அது தங்கவில்லை. அவ்வூர்களில் வந்தவர்க்கு நீட்டப்பட்டது மோர்.

சரக்கு பானமாக மாறியதில் ஆலைகளுக்குப் பங்குண்டு. 1888இல் ஸ்டேன்ஸின் முயற்சியில் நகரின் முதல் நூற்பாலை எழுந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கு ஊதும் நேரத்திற்கு எழுந்து புறப்படும் வாழ்க்கை, கையில் மாதக் கூலி, வீதிமுனையில் காப்பிக் கிளப்பு ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தன. பாலின் பொருளியலும் உடன் மாறியிருக்க வேண்டும். தயிர், மோர், வெண்ணெய், நெய் என்னும் பழைய வரிசையில் கறந்த பாலை அப்படியே அடுப்பேற்றிக் குடித்துத் தீர்ப்பது ஊதாரித்தனம். காப்பியோ அதையே கேட்கிறது.

சொல்லும் பொருளும்

வாய்மொழிச் சான்றுகளைக் கையாள்வோர்க்கு இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சுக்குக் காப்பி, மல்லிக் காப்பி, கருப்பட்டிக் காப்பி என்னும் வழக்குகளில் 'காப்பி' என்பது கொட்டையைக் குறிக்க வேண்டியதில்லை. இனிப்புச் சேர்த்துக் கொதிக்கவைத்த சூடான எதற்கும் அச்சொல் ஏறிக்கொண்டது. எனவே, 'எங்கள் பாட்டி காலத்திலேயே காப்பி உண்டு' என்னும் கூற்றை மட்டும் கொண்டு காப்பிக்கொட்டையின் வருகையைக் கணிக்க இயலாது.

பில்டரின் மதிப்பு இவ்விடத்தில்தான் விளங்குகிறது. சுக்கும் மல்லியும் கொதித்தால் துணியில் வடித்தால் போதும். அடியில் நுண்துளையிட்ட மேல்பாத்திரம், தூளை அமுக்கும் தண்டுடைய தட்டு, டிகாக்‌ஷன் சொட்டும் கீழ்ப்பாத்திரம், மூடி என்னும் அமைப்பு வறுத்தரைத்த காப்பித்தூள் ஒன்றிற்காகவே உருவானது. ஆகவே பில்டர் இருந்த வீட்டில் தூள் இருந்தது. பில்டர் இல்லாமையால் காப்பி இல்லை எனல் மட்டும் பொருந்தாது; தூளைக் கொதிக்கவிட்டுத் துணியில் வடித்த வீடுகளும் உண்டு.

சீரில் ஏறிய பாத்திரம்

கொங்கு வேளாளர் திருமணம் சீர்களால் ஆனது. அருமைக்காரர் முன்னின்று நடத்தும் அச்சீர்களிலும், மணமகனின் உடன்பிறந்தாளை முன்னிறுத்தும் இணைச்சீரிலும் சொம்பு, விளக்கு, படி முதலியவற்றிற்குச் சடங்கு சார்ந்த இடம் உண்டு. பில்டருக்கு அத்தகைய இடம் எதுவும் இல்லை. அது பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரங்களோடு வருவது. சடங்கு கேட்காத பொருள். கேளாமலே சீரில் ஏறிய ஒன்று, அக்குடும்பம் காப்பியைப் பழக்கமாகக் கொண்டிருந்ததையோ, மகள் புகும் வீட்டில் அது எதிர்பார்க்கப்படும் என்று கருதியதையோ காட்டுகிறது. திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் போன்ற பாத்திரத் தொழில் ஊர்கள் அருகிலேயே இருந்தமையால் இதற்குத் தொலைவு செல்லவும் வேண்டியிருக்கவில்லை.

பாத்திரத்தில் பெயர் வெட்டும் முறை எளியது. சிற்றுளியைச் சுத்தியால் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்தை அமைப்பர். தலைப்பெழுத்தும் பெயரும் கட்டாயம் இருக்கும். சிலவற்றில் ஊர், சிலவற்றில் நாள். கல்வெட்டாய்வாளர் கண்ணுக்கு இது சிறு பொறிப்பு. ஆனால் கொங்கு உழவர் குடும்பத்துப் பெண்ணின் பெயரை உடைமையாளராகக் குறிக்கும் எழுத்து வேறெங்கு உள்ளது என்று தேடினால் இதன் அருமை புலப்படும். பட்டாவும் பங்குப் பத்திரமும் பெரும்பாலும் ஆண்களின் பெயரையே சுமந்தன. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை அளித்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் 1989இல்தான் வந்தது. அதற்கு முன்பே மணமாகிவிட்ட மகளிர்க்கு அது பொருந்தவும் இல்லை. அவர்களுக்குத் தாய்வீட்டிலிருந்து கிடைத்தவை நகையும் பாத்திரமும். நகையில் பெயர் இராது. அடகுக்குப் போகும், அழிந்து வேறு உருவெடுக்கும். பாத்திரத்தில்தான் பெயர் நிற்கிறது. தலைப்பெழுத்து தந்தையுடையதா கணவனுடையதா என்பது தனியே ஆராயத்தக்க வினா. தந்தையின் எழுத்தாயின், புகுந்த வீட்டு அடுக்களையில் நாள்தோறும் கையாளப்பட்ட பொருளில் பிறந்த வீடு எழுத்தாக நீடித்தது என்றாகும்.

எவர்சில்வரும் வர்க்கியும்

பித்தளைக்குக் கலாய் பூச வேண்டும், புளியிட்டுத் துலக்க வேண்டும். இரண்டையும் வேண்டாத எவர்சில்வர் பரவியபோது பழைய பாத்திரம் எடைக்குப் போடப்பட்டுப் புதியது வாங்கப்பட்டது. 1981இல் சேலம் உருக்காலை எவர்சில்வர்த் தகடு உருட்டத் தொடங்கியது. கொங்குப் பகுதியிலேயே இவ்வுலோகம் உருவானது தற்செயலே. எனினும் பித்தளையின் பின்வாங்கல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. எவர்சில்வரிலும் பெயர் வெட்டினர். ஆனால் எடைக்குப் போனவற்றின் பெயர்கள் உலையில் உருகின.

காப்பிக்குத் துணையாக வந்த அடுமனைப் பண்டங்கள் இவ்வரலாற்றில் வேறு தடத்தில் செல்கின்றன. ஒப்புட்டும் கச்சாயமும் முறுக்கும் வீட்டில் செய்யப்பட்டவை. பன்னும் ரொட்டியும் கடையிலிருந்து வந்தவை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி மலையேறி வருவோர் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த பண்டம். வீட்டில் கேக் செய்ய முனைந்தவர்கள் அகன்ற பாத்திரத்தில் மணலைச் சூடாக்கி அதன்மேல் தகரத்தை வைத்தனர். பின்னர்க் குண்டு போடாத குக்கர் அவ்வேலையைச் செய்தது. கேக் தகரத்தில் யாரும் பெயர் வெட்டியதாகத் தெரியவில்லை. அது சீரில் வரவில்லை. பிறந்த வீட்டைச் சுட்டவும் இல்லை.

சான்றின் எல்லை

பெயர் வெட்டிய பாத்திரம் நிலமுடையோர் வீட்டுச் சான்று. அதே பண்ணையில் உழைத்த அருந்ததியர் உள்ளிட்டோர்க்கு அவ்வீட்டுக் காப்பி எதில் ஊற்றப்பட்டது என்பதைப் பில்டர் சொல்லாது. கொட்டாங்குச்சியும் தனிக்குவளையும் கொங்குப் பகுதியில் நெடுங்காலம் வழங்கின. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை அதன் தொடர்ச்சி. கொட்டாங்குச்சி குடித்தபின் எறியப்படுவது. பரணில் ஏறாது, பரம்பரைப் பொருளாகாது. எனவே பரம்பரைப் பொருள்களை மட்டும் கொண்டு எழுதப்படும் காப்பி வரலாறு, அச்சுச் சான்றின் குறையை வேறொரு படியில் மீண்டும் செய்யும். வாய்மொழி வழக்காறுகளையும் கூலி உழைப்பின் நினைவுகளையும் உடன்வைத்தே பில்டரைப் படிக்க வேண்டும்.

பதிவு செய்யும் முறை

புள்ளிப்பொறிப்பு குழிவானது. மெல்லிய தாளை அதன்மேல் இழுத்துப் பிடித்துக் கரிக்கோலால் மெல்லத் தேய்த்தால் எழுத்துகள் வெண்புள்ளிகளாகத் தெரியும். பளபளப்பால் ஒளிப்படத்தில் மங்கும் எழுத்தும் இதில் கிடைத்துவிடும். பெயர், தலைப்பெழுத்துக்குரியவர், பிறந்த ஊர், புகுந்த ஊர், நாள், எடை, உட்புறக் கலாயின் நிலை ஆகியவற்றை ஒரே படிவத்தில் பதியலாம். பாத்திரங்கள் பரணிலிருந்து இறங்குவது வீடு பாகம் பிரிக்கும்போதும், தைப்பொங்கலுக்குக் காப்புக் கட்டுமுன் வீட்டை ஒழித்து வெள்ளையடிக்கும்போதும்தான். எடைக்காரரும் அந்நாட்களிலேயே ஊருக்குள் வருகிறார். ஆதலால் இக்களப்பணிக்கு ஏற்ற மாதம் மார்கழி.