பூதம்னா பேயா?

பூதம்னதும் நமக்கெல்லாம் ஞாபகம் வர்றது 1967-ல வந்த 'பட்டணத்தில் பூதம்' ஜாவர் சீதாராமன்தான். ஆனா அந்த ஜாடி ஆசாமி அரபுக் கதைகள்ல வர்ற ஜின் வகையறா. நாமதான் பூதம்னு பேர் வச்சுட்டோம்.

சொல் வடமொழி. 'பூ'ங்கிற வேருக்கு 'ஆகு, இரு'ன்னு பொருள். பூதம்னா 'ஆனது', 'உண்டானது'. அவ்வளவுதான், பயப்பட ஒண்ணுமில்ல. உண்டாகி நிக்கிறதுன்னா நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். உண்டாகி முடிஞ்சு போனதுன்னா கடந்த காலம், அப்புறம் செத்தவங்க ஆவி. இந்தியில 'பூத்'னா பேய், 'பூத்கால்'னா இறந்தகாலம். சிரிக்காதீங்க, நம்ம இறந்தகாலமும் அதே கதைதான். 'இற'ன்னா கடந்து போறது; சாவுங்கிற பொருளும் அதுலயே வந்து ஒட்டிக்கிச்சு.

எங்க தாத்தா தவறினப்போ போஸ்டர்ல 'அன்னாரின் பூதவுடல்'னு போட்டிருந்தாங்க. அதைப் படிச்சுட்டு 7 வயசு மாமா பொண்ணு 'தாத்தா பூதம் ஆயிட்டாரா?'ன்னு ஒரே அழுகை. ஊருக்குப் போக முடியாம இங்க உக்காந்திருந்த நான்தான் போன்ல விளக்கம் சொன்னேன்: ஐம்பூதத்தால ஆன உடம்புடா, அது மட்டும்தான் போகும்.

சிலப்பதிகாரத்துப் பூதம் இன்னும் வேற மாதிரி. புகார்ல நாலு தெரு கூடுற சதுக்கத்துல நிக்கும். பொய்ச்சாட்சி சொல்றவன், புறங்கூறுறவன், அடுத்தவன் மனைவிக்கு ஆசைப்படுறவன், போலிச் சாமியார் எல்லாரையும் கயிறு போட்டுப் பிடிச்சு அடிச்சுத் தின்னுடும். ஒரு தடவை, பத்தினி ஒருத்தி மேல பொய்ப்பழி சொன்னவன் மாட்டிக்கிறான். அவன் அம்மா கதறுறதைப் பார்த்து கோவலன் 'என் உயிரை எடுத்துக்கிட்டு இவனை விட்டுடு'ங்கிறான். பூதம் சம்மதிக்கல. கெட்டவனுக்குப் பதிலா நல்லவன் உயிரை எடுத்தா எனக்கு நற்கதி இல்லைன்னு சொல்லிட்டு அவனைத் தின்னுடுது. அப்புறம் கோவலன் அந்த அம்மாவையும் சுற்றத்தையும் பல வருஷம் காப்பாத்துறான்.

நற்கதி பத்திக் கவலைப்படுற பூதம்! எந்த நீதிபதிக்கு இந்தக் கவலை இருந்துச்சு?

இந்தக் கதையை மாடலன் சொல்றது மதுரைக்கு வெளியில, கோவலன் கொலைக்களத்துக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அங்கயும் காவல் பூதங்கள் உண்டு, நாலு. ஆனா பொற்கொல்லன் பொய் சொன்னப்போ எதுவும் கயிறோட வரல. கண்ணகி ஊரைக் கொளுத்தினப்போ நாலும் மதுரையை விட்டுக் கிளம்பிப் போயிடுச்சு.