மேற்கே சென்ற வண்டிகள்

வரலாற்றைப் படித்து அறியலாம். ஆடியும் அறியலாமோ என்று கேட்பவர் உண்டு. அறியலாம் என்பதற்கு அமெரிக்க நாட்டில் ஐம்பது ஆண்டுகட்கு மேற்பட்ட சான்று ஒன்று இருக்கிறது.

1971-ஆம் ஆண்டில், மின்னசோட்டா மாநிலத்தில், டான் ராவிட்ச் என்னும் இளைஞர் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்தார். மேற்குத் திசைக் குடியேற்றத்தை எட்டாம் வகுப்பினர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பயிற்சிக் காலத்தில் பாடம் நடத்திய எவரும் அறிவர், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கொட்டாவி எத்துணைக் கடுமையான விமரிசனம் என்பதை! அவர் அட்டையில் ஓர் ஆட்டம் வரைந்துகொண்டிருந்தார். உடன் தங்கியிருந்த கணித நண்பர்கள் பில் ஹைனமனும் பால் டில்லன்பெர்கரும் அதைக் கணிப்பொறிக்கு எழுதித் தந்தனர். அக்காலத்தில் திரை கிடையாது. தொலைபேசிக் கம்பியால் இணைந்த தட்டச்சுப் பொறி காகிதத்தில் கேள்வியை அடிக்கும். மாணவர் விடையை அடிப்பர். 'ஓரிகன் தடம்' என்பது அதன் பெயர்.

மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரிலிருந்து ஓரிகன் ஏறத்தாழ 2,000 மைல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மாட்டு வண்டியில் ஐந்து, ஆறு மாதப் பயணம் அது; பெரும்பாலோர் வண்டியின் அருகே நடந்தே சென்றனர். உணவுக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று கைப்பணத்தைப் பங்கிடுவது மாணவரின் வேலை. 1974-இல் ராவிட்ச் மாநிலக் கல்விக் கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தபின், பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் விபத்தும் எத்தனை முறை நேர்ந்தனவோ அதற்கேற்ப ஆட்டத்தைத் திருத்தினார். பழைய ஏடுகளை எண்களாக்கிய இந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். வழியில் காலராவே பெருங்கொலைகாரன் என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்லிப் புரியவைப்பதினும், தன் வண்டியில் ஒருவர் மாண்டார் என்ற வரியைக் கண்ட மாணவன் விரைவில் உணர்கிறான்.

எனினும், வண்டி ஓரிகன் சிட்டியை அடைந்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. வரலாற்றாசிரியருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அந்நகருக்குத் தெற்கே வில்லமெட் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. வந்தவர்கள் கண்டது திறந்த புல்வெளி, மக்கள் சிலரே. ஆளில்லா நிலம் என்றே பலர் எண்ணினர். அப்புல்வெளியோ தானாக அமைந்ததன்று. கலப்பூயா என்னும் பழங்குடியினர் கோடை இறுதியில் தரையைத் தீயிட்டு, காமாஸ் கிழங்கும் ஓக் மரக் கொட்டைகளும் தழைக்குமாறு தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தனர். 1830 முதல் பரவிய மலேரியாக் காய்ச்சல் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை மாய்த்தது. வெறுமை என்று கண்டது, அண்மையில் நிகழ்ந்த சாவின் அடையாளம். ஆற்றைக் கடக்க வண்டிகளுக்கு உதவியவரும், சால்மன் மீன் விற்றவரும் வழியிலிருந்த பழங்குடியினரே என்பதையும் இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைக் காட்டவும் இணையத்தில் கருவிகள் உள்ளன. ஜார்ஜியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளாடியோ சான்ட் 2014-இல் வெளியிட்ட நிலப்படத்தில் ஆண்டுகளை நகர்த்தினால், 1776 முதல் 1887 வரை பழங்குடியினர் 150 கோடி ஏக்கருக்கு மேல் இழந்தது கண்முன் நிகழும். அமெரிக்க நில மேலாண்மைத் துறை பழைய நிலப்பட்டாக்களின் படங்களையும் இணையத்தில் வைத்துள்ளது. பட்டா என்றால் நம் பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டியதில்லை. வீட்டுப் பெட்டியில் கிடப்பதுதானே!

ஓய்வு பெற்றபின் மேல்நிலை மாணவர் சிலரை முதலில் ஆட்டத்தை ஆடவிட்டேன். பிறகு ஓரிகன் பட்டா ஒன்றைத் திறந்தோம். பெற்றவர் பெயரும் நிலத்தின் எல்லையும் இருந்தன; முன்பு வாழ்ந்தவர் பெயர் இல்லை. அங்குக் குடியேறியிருந்த வெள்ளையருக்கு, தனியாளாயின் 320 ஏக்கரும் தம்பதியராயின் 640 ஏக்கரும் வழங்கிய சட்டம் 1850-இல் பிறந்தது. அப்பள்ளத்தாக்கை விட்டுக்கொடுத்துக் கலப்பூயாவினர் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ 1855-இல்தான் ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதினேன்.

“ஐயா, எழுதிக் கொடுக்காத நிலத்துக்கு அரசு எப்படிப் பட்டா கொடுத்தது?” என்றாள் ஒரு மாணவி. மற்றவர்கள் மறுபடியும் அந்தப் பட்டாவின்மேல் குனிந்தனர்.