ரெய்னியர் மலையில் வழிகாட்டியுடன் ஏறுதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குப் பகுதியில், வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேடு மலைத்தொடரின் சிகரங்கள் அனைத்தினும் உயர்ந்து 14,410 அடி (4,392 மீட்டர்) உயரத்தில் நிற்கும் ரெய்னியர், உச்சியில் நீராவி உமிழும் எரிவாயையும் சரிவுகளில் இருபத்தைந்துக்குக் குறையாத பனியாறுகளையும் ஒருங்கே உடையதாகையால், பனிமலை ஏற்றம் பயில விரும்பும் அமெரிக்கர்களுக்குப் பல தலைமுறைகளாகப் பயிற்சிக்களமாக இருந்து வருகிறது. இம்மலையில் வழிகாட்டியாகத் தொழில் செய்தவரான ஜிம் விட்டேக்கர், 1963ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் அமெரிக்கர் என்னும் பெயர் பெற்றார்.

1792ஆம் ஆண்டில் இவ்வடமேற்குப் பகுதியின் கடற்கரையை ஆராய்ந்து சென்ற ஜார்ஜ் வான்கூவர், தம் நண்பரும் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியுமான பீட்டர் ரெய்னியரின் பெயரை மலைக்கு இட்டார். சுதேசிகள் தஹோமா என்று வழங்கி வந்த இப்பர்வதத்தை அந்த ரெய்னியர் ஒருநாளும் கண்ணுற்றதில்லை. அவருடைய உத்தியோகத்தின் பெரும்பகுதி கீழைக் கடல்களிலே கழிந்தது. 1795ஆம் ஆண்டில் டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய கப்பற்படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

ஐயத்திற்கிடமின்றிப் பதிவான முதல் ஏற்றம் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் நிகழ்ந்தது. ஹசார்ட் ஸ்டீவன்ஸ், வான் டிரம்ப் என்ற இருவரையும் மரங்கள் அருகிப் பனி தொடங்கும் எல்லைவரை அழைத்துச் சென்ற சுலூயிஸ்கின் என்ற சுதேச வழிகாட்டி, உச்சியில் துஷ்டதேவதை வாசம் செய்கிறதென்று எச்சரித்துத் தாம் மேலே வர மறுத்துவிட்டதோடு, அவர்கள் இறந்துபட்டால் பழி தம்மீது விழாதிருக்கும் பொருட்டு எழுத்துமூலமான சாட்சியம் ஒன்றும் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. இருவரும் சிகரத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டமையால், எரிவாயின் ஓரத்தில் நீராவி பனிக்கட்டியைக் குடைந்து உண்டாக்கிய குகையொன்றில், ஒருபுறம் வெந்தும் மறுபுறம் விறைத்தும் இரவைக் கழித்துப் பிழைத்தார்கள். சுலூயிஸ்கின் கோழையென்று நகைப்பாரும் உளர். தாம் அறியாத வழியில் பிறரை அழைத்துச் செல்ல மறுத்தவரை நல்ல வழிகாட்டி என்று சொல்வதே நியாயமாகும்.

இக்காலத்தில் வழிகாட்டிகளோடு செல்வோர் பெரும்பாலும் தென்சரிவில் சுமார் 5,400 அடி உயரத்திலுள்ள பாரடைஸ் என்னுமிடத்திலிருந்து புறப்படுகின்றனர். 1971–72ஆம் ஆண்டின் பனிப்பருவத்தில் இங்கே 1,122 அங்குலப் பனி பொழிந்தது. ஏறுவதற்கு முன் ஒருநாள் பயிற்சி உண்டு. சறுக்கி விழுந்தவன் அக்கணமே குப்புறப் புரண்டு, பனிக்கோடரியின் அலகை மார்பின் கீழ் அழுத்திப் பனியில் குத்தித் தன் வீழ்ச்சியைத் தானே தடுத்துக்கொள்வது அதில் கற்பிக்கப்படும் தலையாய பாடம். அடியெடுத்து வைப்பதற்குங்கூட ஒரு முறை இருக்கிறது: பின்காலின் முழங்காலை நிமிர்த்திப் பூட்டி, உடற்பாரத்தைத் தசையின்மீது சுமத்தாமல் எலும்பின்மீது நிறுத்தி, ஒரு கணம் ஓய்ந்த பின்னரே முன்காலை நகர்த்த வேண்டும். காண்பதற்கு அசட்டு நடையாகத் தோன்றும் இதுவே பல மணி நேர ஏற்றத்தைச் சாத்தியமாக்குகிறது.

மறுநாள் பனிவெளி வழியே சுமார் 10,000 அடி உயரத்திலுள்ள மியூர் முகாமை அடைகிறார்கள். 1888ஆம் ஆண்டில் ஏறிய இயற்கையறிஞர் ஜான் மியூர், அங்கே தரைமீது இலேசான எரிமலை நுரைக்கல் சிதறிக் கிடக்கக் கண்டு, காற்று அதனை அடித்துச் செல்லவில்லையாதலால் இது ஒதுக்கமான இடம் என்று ஊகித்தார். அவர் பெயரே முகாமுக்கு நிலைத்தது. அங்கே மாலையிலேயே படுத்து நள்ளிரவை ஒட்டி எழுந்து, தலைக்கவசத்தில் விளக்கும், காலணியின் அடியில் எஃகு முட்களும் பூட்டி, ஒவ்வொரு வழிகாட்டியின் பின்னும் இருவர் மூவராக ஒரே கயிற்றில் பிணைந்து புறப்படுகின்றனர். வெயிலேறினால் பனிப்பிளவுகளின்மேல் மூடியிருக்கும் பனிப்பாலங்கள் இளகுமாதலாலும், மேலே தொங்கும் பனிப்பாறைகளும் கற்களும் பெயரத் தொடங்குமாதலாலும், உச்சியை விடியற்காலையில் தொட்டு அன்றே இறங்கிவிட வேண்டுமென்பது விதி.

இங்கிரஹாம் பனியாற்றைக் கடந்து, டிசப்பாயின்ட்மென்ட் கிளீவர் என்னும் செங்குத்தான பாறை முதுகின்மீது ஏறி, அதற்கு மேல் வெறும் பனிச்சரிவில் வளைந்து வளைந்து செல்லும் இவ்வழியில், தங்கும் இடந்தோறும் வழிகாட்டி ஒவ்வொருவர் முகத்தையும் விளக்கொளியில் உற்று நோக்கி, உண்ணச் செய்து, தொடர்ந்து ஏறத் தக்கவர் யார் எனத் தீர்மானிக்கிறார். தளர்ந்தவர் தனியே இறங்க இயலாது. அவருடன் ஒரு வழிகாட்டி திரும்பியாக வேண்டும். ஆகவே ஒருவர் தம் களைப்பை மறைத்து உயரே சென்றபின் சோர்ந்து விழுவாராயின், வழிகாட்டிகளின் எண்ணிக்கை போதாமல், வலிமையுள்ள பிறரும் சிகரம் காணாமல் இறங்க நேரிடும்.

வழிகாட்டியின் விவேகமும் எல்லா அபாயத்தையும் தடுத்துவிடுவதில்லை. 1981ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், இங்கிரஹாம் பனியாற்றில் முன்னே உள்ள சரிவின் நிலையைச் சோதிக்கச் சில வழிகாட்டிகள் சென்றிருந்த வேளையில், ஓய்ந்திருந்த குழுவின்மீது மேலிருந்து பெரும் பனிப்பாறைகள் இடிந்து விழுந்து பதினொருவரைப் பலி கொண்டன. அவர்களுடைய சடலங்கள் மீட்கப்படவில்லை. அமெரிக்க மலையேற்றச் சரித்திரத்தில் ஒரே விபத்தில் இத்தனை உயிர் மாண்டது அதற்கு முன் இல்லை.

சிகரத்தை நாடுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேரே அதனை அடைகின்றனர். ஏனையோரைத் திருப்புவது பெரும்பாலும் காற்றும் மேகமும் உடற்சோர்வுமே. ஆதலால் இம்மலைக்குச் செல்லக் கருதுவோர், வழிகாட்டி திரும்பு என்றால் வாதாடாமல் திரும்பும் மனத்திண்மை தமக்கு உண்டா என்று முதலில் ஆராய்ந்து கொள்க. அது இல்லாதவர்கள் பாரடைஸ் புல்வெளியோடு நின்றுவிடுவது நலம். ஆகஸ்டு மாதத்தில் அங்கே காட்டுப் பூக்கள் மிகுதி.