சிதம்பரம் கரணச் சிற்பங்களும் செய்யுட் கல்வெட்டுகளும்

கடலூர் மாவட்டம் சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில், பரதரின் நாட்டிய சாத்திரம் கூறும் கரணங்களைக் காட்டும் சிற்பங்கள் உள்ளன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் உள்ள சிற்பங்களுடன், அவற்றுக்குரிய நாட்டிய சாத்திரச் செய்யுள்களும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சொல்லையும் உருவத்தையும் இணைத்துப் பொருள் உணர்த்தும் முறைக்கு இது பழமையான எடுத்துக்காட்டு ஆகும்.

சொல்லும் உருவமும்

கரணம் என்பது கை, கால், உடல் ஆகியவை சேர்ந்து இயங்கும் ஆடல் அசைவு. நாட்டிய சாத்திரம் 108 கரணங்களைக் கூறுகிறது. சிற்பி அசைவின் ஒரு கணத்தை மட்டுமே கல்லில் நிறுத்த முடியும். அசைவின் முழு இலக்கணத்தையும் செய்யுள் தருகிறது. ஆனால் செய்யுள் முழுவதும் கலைச்சொற்கள். முதற் கரணமான தலபுஷ்பபுடத்தில், கைகள் இடப்பக்கம் 'புஷ்பபுடம்' என்னும் முத்திரையில் அமைய வேண்டும் என்கிறது. அச்சொல்லை அறியாதவருக்கு, மலர் ஏந்துவதுபோல் இணைந்த கைகளைச் சிற்பமே காட்டிவிடுகிறது. கிரந்தம் அறியாத இன்றைய பார்வையாளர் பலருக்கோ சிற்பம் மட்டுமே எஞ்சுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணச் சிற்பங்கள் உள்ளன. எஞ்சிய 27 கற்கள் செதுக்கப்படவில்லை. அங்கு செய்யுள்கள் இல்லாததால், ஒவ்வொன்றும் எந்தக் கரணம் என்பதை நூலின் வரிசையோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். சிதம்பரத்தில் கல்வெட்டே அடையாளம் தருகிறது.

ஆய்வில் பயன்பாடு

சென்னைக் கல்வெட்டுத் துறையின் 1914ஆம் ஆண்டறிக்கையில் 93 சிற்பங்கள் செய்யுள்களுடன் வெளியாயின. 1936இல் வெளிவந்த 'தாண்டவ லட்சணம்' என்னும் ஆங்கில நூல், நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தை இச்சிற்பங்களின் படங்களோடு மொழிபெயர்த்துத் தந்தது. பின்னர் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம், கரணங்களை உறைந்த நிலைகளாக அன்றி அசைவுகளாகவே கொள்ள வேண்டும் எனக் கூறி, அவற்றை ஆடலாக மீட்டமைத்தார்.