கல்கத்தா கிறிஸ்தோ சமாஜம்

கல்கத்தா கிறிஸ்தோ சமாஜம் என்பது 1887இல் காளி சரண் பானர்ஜியும் ஜே. ஜி. ஷோமும் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு. வெளிநாட்டு மிஷன்களின் மேலாண்மையும் சபைப்பிரிவும் இல்லாமல் வங்கக் கிறிஸ்தவர்கள் தாங்களாகவே கூடி வழிபட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஏறத்தாழப் பத்தாண்டுக்குள் அது அடங்கிவிட்டது. இந்தியச் சபை வரலாற்றில் அதற்குரிய இடம் அந்தக் குறுகிய ஆயுளைவிடப் பெரியது.

இந்த முயற்சி கல்கத்தாவில் முளைத்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயத் திருச்சபையின் அதிகாரம் முழுவதும் குவிந்திருந்த ஊர் அது. 1814இல் அமைந்த கல்கத்தா பேராயத்தின் கீழ் இந்தியா முழுவதும் இருந்தது. பின்னர் இலங்கையும் ஆஸ்திரேலியாவும்கூடச் சேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த தமிழர் கிறிஸ்தியான் தாவீது, குருப்பட்டம் பெற 1824இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. அவருக்குப் பட்டம் கொடுத்த பேராயர் ஹீபர், 1826இல் தென்னாட்டுச் சபைகளைப் பார்வையிட வந்த இடத்தில் திருச்சிராப்பள்ளியில் இறந்தார். பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று ஆணையிட்டபோது, தஞ்சாவூர்ச் சபையே பிளந்தது. ஆணை நியாயமானது. ஆனால் பந்தியிலும் சம்பந்தத்திலும் மாற வேண்டிய ஒன்று, தொலைதூரக் கடிதமாக வந்து சேர்ந்தது.

வங்கத்தில் அதிகாரத்தை அல்லாமல் உறவை ஆதாரமாகக் கொண்ட வேறொரு மரபும் தொடக்கம் முதலே இருந்தது. 1800 டிசம்பர் 28 அன்று செராம்பூரில் மிஷனரி வில்லியம் கேரியிடம் ஞானஸ்நானம் பெற்ற தச்சர் கிருஷ்ண பால், முன்பு கர்த்தாபஜா என்னும் பக்திக் குழுவைச் சேர்ந்தவர். கோயிலும் புரோகிதரும் இல்லாமல் குரு–சீடர் உறவிலேயே வளர்ந்த கூட்டம் அது. அவர் தம் வீட்டின் எதிரே சொந்தச் செலவில் ஒரு ஜெபவீடு கட்டினார். வங்கச் சபை வரலாற்றை எழுதுவோர் பேராலயங்களுக்குக் கொடுக்கும் பக்கங்களில் ஒரு பங்காவது இந்த வீட்டுக்குத் தர வேண்டும்.

1868இல் வங்கக் கிறிஸ்தவர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் கிருஷ்ண மோகன் பானர்ஜி. 1870இல் காளி சரணும் ஷோமும் 'பெங்கால் கிறிஸ்டியன் ஹெரால்டு' என்ற இதழைத் தொடங்கினார்கள். கிறிஸ்துவை ஏற்றதால் தாங்கள் இந்துச் சமுதாயத்துக்கு அந்நியராகிவிடவில்லை என்பதே அதன் அடிப்படை நிலைப்பாடு. 1877இல் மிஷனரிகள் கூடிய அவையிலேயே காளி சரண் தம் குற்றச்சாட்டை வைத்தார்: ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் நடந்த சண்டைகளால் பிறந்த சபைப்பிரிவுகளை, அவற்றோடு சம்பந்தமே இல்லாத வங்காளிகள் தலையில் ஏன் சுமத்துகிறீர்கள்?

பத்தாண்டு காத்திருந்தும் பதில் வராத நிலையில் இருவரும் தம் சபையை விட்டு விலகிச் சமாஜத்தை நிறுவினர். பெயரிலும் அமைப்பிலும் வங்கத்து இந்து சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தின் சாயல் தெரியும். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் ஒன்றையே அது கொள்கையாக வைத்துக்கொண்டது. அதற்கு மேல் எதையும் யாரிடமும் கேட்கவில்லை. தனிக் குருவர்க்கம் கிடையாது. குருப்பட்டம் பெறாதவரே ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்கலாம். அக்காலத்தில் இதைவிடத் துணிச்சலான விதி வேறு இருக்க முடியாது. மிஷன்களின் ஆன்மிக அதிகாரம் நின்றது இந்தச் சடங்கு உரிமையின் மேல்தான்.

சமாஜம் நிலைக்காததற்குக் காரணம் அதன் கருத்தில் இல்லை. தேவாலயம், பள்ளி, கல்லறைத் தோட்டம், உபதேசியாரின் சம்பளம் எல்லாம் மிஷன்களின் கையில் இருந்தன. சொந்த வருமானம் உள்ள வழக்கறிஞர் வெளியேறலாம். மிஷன் நிலத்தில் குடியிருந்த நதியா மாவட்டத்து உழவர் எங்கே போவார்? சமாஜம் பட்டணத்துப் படித்தவர்களின் கூட்டமாகவே நின்றுவிட்டது. குருவர்க்கம் இல்லாமல் உறவையே ஆதாரமாகக் கொள்ளும் இத்தகைய சபை, ஏற்கெனவே உள்ள உறவுகளுக்குள்ளேயே அடங்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. திருநெல்வேலியில் 1850களின் இறுதியில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனை உதறி அமைத்த இந்து கிறிஸ்தவ சபையும் பெரும்பாலும் ஒரே சமூகத்தாரின் சபையாகவே இருந்தது.

சமாஜத்துக்கு ஓராண்டு முன்பு, 1886இல், சென்னையில் மருத்துவர் புல்னி ஆண்டி தேசியத் திருச்சபையைத் தொடங்கியிருந்தார். அது மேலும் சில பதிற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது. காளி சரணின் சகோதரர் மகன் பிரம்மபாந்தவ் உபாத்யாயர் 1891இல் கிறிஸ்தவராகி, காவியுடுத்த துறவியாகவே வாழ்ந்து, தனிப்பாதை கண்டார். 1905 கிறிஸ்துமஸ் நாளில் இந்தியர் பணத்தாலும் இந்தியர் தலைமையாலும் நடக்கும் தேசிய மிஷனரி சங்கம் செராம்பூரில் பிறந்தது. அதன் முதல் பொதுச்செயலர் திருநெல்வேலிச் சீமையின் வே. ச. அசரியா. காளி சரண் 1907இல் மறைந்தார்.

சபைப்பிரிவுகளை இணைக்கும் வேலை 1970 நவம்பர் 29 அன்று நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை உருவானதோடு பெருமளவு நிறைவேறியது. ஆனால் அந்த இணைப்பு பேராயர் பதவியை ஏற்றுக்கொண்டே நடந்தது. குருப்பட்டம் இல்லாதவர் திருவிருந்து கொடுக்கலாம் என்ற சமாஜத்தின் விதியை அது ஏற்கவில்லை.