மான் பங்கு

கோல லங்காட்டின் மான் வேட்டை செத்துப் பல காலமாகிவிட்டது. அதற்கென்று யாரும் இரங்கல் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. அரசாங்கக் கணக்கில் ஓர் ஆண்டு மட்டும் இருக்கிறது: 2009. மலாய்க்காரர்கள் ரூசா என்று சொல்லும் கடமானுக்கும், கீஜாங் என்று சொல்லும் கேளையாட்டுக்கும் தீபகற்ப மலேசியாவில் வேட்டை உரிமம் கொடுப்பதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அந்த ஆண்டு முதல் நிறுத்திவைத்தது. பிறகு அந்தத் தடையை 2021 வரை நீட்டித்தார்கள். கோல லங்காட்டில் எங்கள் ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் அதற்கு வெகுகாலம் முன்பே வேட்டையின் மூச்சு நின்றிருந்தது.

இன்று கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் வருகிறவரிடம் இங்கே மான் திரிந்தது என்றால் நம்ப மாட்டார். முன்னும் பின்னும் கொள்கலன் லாரிகள். தொழிற்பேட்டை, அதன் வேலி, வேலியை ஒட்டித் தொழிலாளர் விடுதி. வலப்புறம் லங்காட் ஆறும் அதற்கப்பால் கேரித் தீவும். தீவின் பெரும்பகுதி செம்பனை; ஓரங்களில் மா மெரி மக்களின் கிராமங்கள். இடப்புறம் உள்ளே போனால் கம்புட் நிலம், அதாவது இலையும் வேரும் மக்கி மக்கி மண்ணாகவே ஆகிவிட்ட சதுப்புக்காடு. அங்கே தேங்கும் தண்ணீர் பால் கலக்காத தே ஓ நிறத்தில் இருக்கும். கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே இழுக்கும். மான்கள் இருந்தது அங்கேதான்.

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு அந்தக் காட்டின் வழி தெரியாது. தெரிந்தவர்கள் பூர்வகுடிகளான தெமுவான் மக்கள். எங்கள் லயத்துக்கும் அவர்கள் கம்பத்துக்கும் நடுவே ஒரு கால்வாய்தான். அவர்களுடைய தலைவரைப் பாத்தின் என்பார்கள். எங்கள் தாத்தாவுக்கும் அந்தப் பாத்தினுக்கும் சந்தை மலாயில் தொடங்கிய பழக்கம் இரண்டு குடும்பங்களின் பழக்கமாக வளர்ந்தது. பால்வெட்டு இல்லாத நாளில் வேட்டைக்குக் கிளம்புவார்கள். மாமாவுக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த ஈட்டி, அப்பாவுக்கு நாய்களைப் பிடிக்கும் வேலை, பாத்தினுக்கு ஊதுகுழல். அது மரத்து மேலிருக்கும் அணிலுக்கும் குரங்குக்கும்தான். மானுக்கு அதை எடுக்க மாட்டார். மானுக்குத் தாத்தாவின் வில்.

அந்த வில்லை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். முற்றிய மூங்கிலைப் பிளந்து, அடுப்புப் புகை படும் பரணில் மாதக்கணக்கில் போட்டுவைத்துச் செய்தது. பிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். நாணுக்கு நைலான் கயிறு. நைலான் இழுபட்டுத் தொய்யும் என்பதால் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் இரண்டு முறுக்குக் கூட்டுவார். கட்டைவிரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, தலையாட்டிய பிறகுதான் தோளில் மாட்டுவார்.

சின்னப் பையனான என்னையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார்கள். நாய்களை அன்று லயத்திலேயே கட்டிப்போட்டுவிட்டார்கள். வில்லோடு போகிறவனுக்கு மான் ஓடக்கூடாது, நிற்க வேண்டும்; இருபது அடிக்குள் நிற்க வேண்டும். அதனால் அன்றைய வேலையெல்லாம் காத்திருப்பதுதான். "டேய், காத்து எங்கிருந்து அடிக்குதுன்னு பாத்துக்க. நம்ம வாடை அதுக்குப் போகக்கூடாது" என்று தாத்தா காதோடு சொன்னார். காட்டுப் பழம் உதிர்ந்து கிடந்த ஒரு மரத்தடியைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். கொசு மொய்த்தது, அடிக்க விடவில்லை. தூரத்தில் நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம். நம்ம நாய் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டதோ என்று அப்பா திரும்பிப் பார்த்தார். பாத்தின் இல்லை என்று கையசைத்தார். கேளையாட்டின் குரல் அப்படித்தான் இருக்கும்.

அம்பு போன சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. செடி அசைந்தது, அவ்வளவுதான். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். மாமா தோளை அழுத்தி உட்கார வைத்தார். "ஒரு சுருட்டு முடியட்டும்" என்றார் தாத்தா. அம்பு பட்ட மான் அங்கேயே விழாது. துரத்தினால் சாகும்வரை ஓடும், சதுப்புக்குள் போய்விடும். விட்டுவிட்டால் கொஞ்ச தூரத்தில் படுத்துக்கொள்ளும். சுருட்டு முடிந்தது. பாத்தின் குனிந்து இலை இலையாகப் பார்த்துக்கொண்டு முன்னால் போனார். ஓர் இலையைக் கிள்ளி என்னிடம் காட்டினார். அதில் இளஞ்சிவப்பாக நுரை கட்டிய இரத்தம். நுரையீரலில் பட்டிருக்கிறது, பக்கத்தில்தான் கிடக்கும் என்றார். பக்கத்தில்தான் கிடந்தது.

லயத்து வாசலில் சாக்கை விரித்து மாமா கூறு போட்டார். தலையும் கழுத்தும் அம்பு விட்டவருக்கு. பின்னங்கால் ஒன்று பாத்தினுக்கு. மற்றதெல்லாம் வரிசையில் உள்ள வீடுகளுக்கு. புருஷன் இல்லாத வீட்டுக்கு முதல் கூறு. எலும்பும் ஈரலும் எல்லாக் கூறிலும் கலந்து வரவேண்டும் என்பதில் மாமா கறாராக இருந்தார். தராசு கிடையாது, காசு கிடையாது. வாழையிலையில் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். எனக்கு வேட்டையைவிட அந்த நடை நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும், "தாத்தா அடிச்சதா?" என்று கேட்டார்கள்.

தகப்பன் பிள்ளையைக் காட்டுக்குக் கூட்டிப்போகும் இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. பெரியபுராணத்தில் திண்ணன் கண்ணப்பன் ஆவதற்குமுன் நடப்பது ஒரு கன்னி வேட்டைதான். தளர்ந்துபோன தந்தை நாகன் தலைமையை மகனிடம் கொடுத்து அனுப்புகிறான். நாணனும் காடனும் உடன் போகிறார்கள், ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டே காளத்தி மலையடிக்கு வந்து சேர்கிறார்கள். சேக்கிழார் வில்லையும் நாயையும் வலையையும் அத்தனை விரிவாகப் பாடியதைப் படிக்கும்போதெல்லாம், அவர் காலத்தில் அது தெருவில் பார்க்கக் கிடைத்த காட்சி என்றே எனக்குப் படுகிறது.

மலாயாவின் சொந்த வில் எங்கள் தாத்தாவின் வில்லுக்கும் முன்பே போய்விட்டது. வடக்கே பேராக், கெடா, கிளந்தான் காடுகளில் வாழ்ந்த செமாங் மக்கள் வில்லாளிகள். ஆள் உயர வில், மரப்பட்டை நாரில் முறுக்கிய நாண், ஈப்போ மரத்தின் பால் தடவிய அம்பு. ஈப்போ நகரத்துக்குப் பெயர் தந்த அதே மரம்தான். அதன் பால் இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பை நிறுத்திவிடும். ஸ்கீட், பிளாக்டன் இருவரும் 1906-இல் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகளில் அந்த வில்லைப் பற்றி எழுதிவைத்தார்கள். அதற்குப் பின் சில பத்தாண்டுகளில் ஊதுகுழல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வில்லுக்கு மிஞ்சியது அருங்காட்சியகம்தான்.

எங்கள் வேட்டையைக் கொன்றது எது? சட்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஏற்க மாட்டேன். மலேசியாவும் இந்தியாவும் ஒரே ஆண்டில், 1972-இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தன. எங்கள் லயத்து ஆட்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. வந்து சேர்ந்தது வேறு. கோல லங்காட் வடக்கு வனக்காப்பகம் 1927-இல் அரசிதழில் பதிவானபோது 7,000 ஹெக்டேருக்கும் மேல். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் கொடுத்ததில் இப்போது ஆயிரம் ஹெக்டேருக்கும் குறைவு. சதுப்பில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். வடிந்த கம்புட் காய்ந்து தீப்பிடித்தது. பக்கத்து ஜொஹான் செத்தியாவின் கம்புட் புகையை வறட்சிக் காலத்தில் கிள்ளான்காரர்கள் இன்றும் மூக்கில் அறிவார்கள். 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. காட்டைத் துண்டு போட்டுச் சாலைகள் வந்தன, சாலை வழியே கம்பிக் கண்ணியோடு கறி வியாபாரிகள் வந்தார்கள். கண்ணி சினையையும் குட்டியையும் பார்க்காது. புலி தின்ன வேண்டிய கடமானை அவர்கள் உணவகத்துக்கு விற்றார்கள். தீபகற்பத்தில் புலி 150-க்கும் கீழே போனதற்கு இரை இல்லாததும் ஒரு காரணம். இந்த நிலையில் 2009-இன் தடை சரியானது. பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். எங்கள் வேட்டை திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மான் திரும்ப வேண்டும்.

2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பூர்வகுடிகளுக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. விற்காமல் தங்கள் சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் பத்து வகை உயிர்களை அவர்கள் வேட்டையாடலாம். கடமானும் சருகுமானும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல சட்டம். ஆனால் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு தெமுவான்கள் எந்தக் காட்டுக்குப் போவார்கள்? கோல லங்காட் வடக்குக் காப்பகத்தில் மிச்சமிருந்த துண்டில் 536 ஹெக்டேருக்கும் மேலான பகுதி காப்பகப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது 2021 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. தெமுவான்களும் ஊராரும் கொதித்தெழுந்த பிறகு, செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. தெமுவான் கிராமத்துப் பெரியவர்கள் பதாகை பிடித்து நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

வில் முற்றாகப் போய்விடவில்லை. நவராத்திரி முடிந்த மறுநாள், பத்துமலைப் பக்கமானாலும் பிரிக்பீல்ட்ஸ் பக்கமானாலும், எத்தனையோ கோயில்களில் அம்மன் வாழையின்மேல் அம்பு போடுகிறாள். யாழ்ப்பாணத்தார் அதை மானம்பூ என்கிறார்கள். இலங்கையில் வேடர்களின் வேட்டைக்காடு 1983-இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானது. அங்கும் வில்லைப் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கு எடுத்துக் காட்டத்தான் முடிகிறது.

எங்கள் வீட்டில் நிலைத்திருப்பது கூறு போடும் வழக்கம். தோட்டம் விற்றுப்போய், லயம் இடிந்து, ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். ஆனாலும் தீபாவளிக்கு முதல் நாள் மாமா கிள்ளானில் ஆடு வாங்குகிறார், தராசைத் தொடாமல் கூறு போடுகிறார், எலும்பும் ஈரலும் எல்லாப் பொட்டலத்திலும் விழுகின்றன. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக்கும் ஒரு கூறு உண்டு. பாத்தினின் பேரன் மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிப் போவான். தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை அவனுக்கு. லீவு நாளில் பிரம்பு வெட்டக் காட்டுக்குப் போகிறான், தாத்தா சொன்ன தடமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கீஜாங்கை மட்டும் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை என்கிறான்.